ஜார்ஜ் பக்கத்து மேசையில் இருந்தால் ராஜினாமா, திரையில் இருந்தால் ஒன்பது சீசன். ஏன்?

தூக்கம்வராதவள் எழுதியது:

ரொம்ப நாளாக உறுத்துகிற கேள்வி. போன வாரம் சீன்ஃபெல்டை மூன்றாவது முறையாகப் பார்த்து முடித்தேன். 1989இல் தொடங்கி 1998 வரை ஓடிய அமெரிக்க நகைச்சுவைத் தொடர், நான்கு நண்பர்களின் கதை. இதற்கெல்லாம் எங்கே நேரம் என்று கேட்பவர்கள் என் பெயரை ஒரு தடவை படிக்கவும்.

ஐந்தாவது சீசனில் ஒரு குழந்தையின் பிறந்தநாள் விழா வரும். சமையலறையிலிருந்து லேசாகப் புகை. அந்த நால்வரில் ஒருவனான ஜார்ஜ் கோஸ்டான்சா "தீ! தீ!" என்று அலறிக்கொண்டு குழந்தைகளைத் தள்ளி, வாக்கர் பிடித்து நிற்கும் பாட்டியைத் தள்ளி, கோமாளி வேஷக்காரரையும் தள்ளிவிட்டு முதல் ஆளாக வெளியே பாய்கிறான். அதோடு விட்டானா? நான் தப்பித்து ஓடவில்லை, எல்லோருக்கும் வழிகாட்டத்தான் முன்னால் போனேன் என்று தீயணைப்பு வீரரிடம் நின்று வாதாடுகிறான். எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு. மூன்றாவது முறையும்.

இப்போது என் பிரச்சினை. முன்பு வேலை பார்த்த இடத்தில் எனக்குப் பக்கத்து மேசையில் ஓர் ஆள் இருந்தார். எது தொலைந்தாலும் முதலில் இன்னொருவர் பெயரைச் சொல்வது அவர்தான். நான் இரண்டு வாரம் உட்கார்ந்து போட்ட எக்செல் கோப்பைத் தன்னுடையது என்று கூட்டத்தில் காட்டினார். அந்த வேலையை விட்டதற்குப் பாதிக் காரணம் அவர். இன்றைக்கும் அவரை நினைத்தால் வயிறு எரிகிறது. நியாயமாகப் பார்த்தால் ஜார்ஜைவிட அவர் நல்லவர். எனக்குத் தெரிந்து எந்தப் பாட்டியையும் தள்ளிவிட்டதில்லை.

எல்லாக் கெட்ட ஆசாமிகளையும் எனக்குப் பிடிக்கிறது என்றும் சொல்ல முடியாது. பிரிட்டிஷ் 'தி ஆஃபீஸ்' தொடரை மூன்று தடவை ஆரம்பித்து மூன்று தடவையும் முதல் எபிசோடிலேயே நிறுத்திவிட்டேன். குறிப்பு எழுதும் ஒட்டுத்தாள்களைத் திருடிவிட்டாய், வேலை போச்சு என்று அலுவலக மேலாளர் டேவிட் பிரென்ட் வரவேற்பாளர் பெண்ணிடம் விளையாட்டாகச் சொல்ல, அவள் அழுதுவிடுகிறாள். என்னால் முடியவில்லை. எழுந்து போய்விட்டேன்.

"திரையில் இருப்பதால் நமக்குப் பாதிப்பு இல்லை, அதனால் சிரிக்கிறோம்" என்று மட்டும் பதில் சொல்லாதீர்கள். பிரென்டும் திரையில்தான் இருக்கிறான்.

வெட்டுமேசை எழுதியது:

ஒரு சின்ன நாடகக் குழுவில் எட்டு வருடம் இருந்தவன் நான். எனக்குப் பெரும்பாலும் கஞ்சன், புளுகன், பொறாமைக்காரன் வேஷம்தான் கொடுப்பார்கள். முகவாகு அப்படி. ஒரு நாடகத்தில் தங்கையின் பணத்தை ஒளித்துவைக்கிற காட்சி. ஒளிக்கும்போது முகத்தில் கொஞ்சம் குற்ற உணர்ச்சி காட்டு, ஜனங்களுக்கு உன்னைப் பிடிக்கும் என்றார் இயக்குநர். காட்டினேன். அரங்கத்தில் ஒரு இருமல் சத்தம், அவ்வளவுதான். மறுநாள் அவரிடம் சொல்லாமல் வேறு மாதிரி செய்தேன். பணத்தை ஷூவுக்குள் வைத்தேன், சரியில்லை என்று எடுத்தேன், குடைக்குள் வைத்தேன், மழை வந்தால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தேன், மறுபடி ஷூ. முழு மனதோடு, ஒரு விஞ்ஞானி மாதிரி. சிரிப்பு அடங்கவே இல்லை.

அன்றைக்குப் புரிந்தது: வெறுக்கத்தக்க ஆள் கடுமையாக உழைக்க வேண்டும். சோம்பேறித்தனமான அயோக்கியத்தனத்தில் நகைச்சுவை கிடையாது.

ஜான் கிளீஸும் கோனி பூத்தும் எழுதிய 'ஃபால்ட்டி டவர்ஸ்' பாருங்கள். 1975இல் ஆறு, 1979இல் ஆறு, மொத்தமே பன்னிரண்டு எபிசோடுகள். பேசில் ஃபால்ட்டி ஒரு ஹோட்டல்காரன். விருந்தினர்களைப் பார்த்தாலே அவனுக்கு ஆகாது. மேலே இருப்பவன் காலைப் பிடிப்பான், கீழே இருப்பவன் மண்டையில் தட்டுவான். ஹோட்டல்களைச் சோதிக்கும் அதிகாரிகள் வருவதாகக் கேள்விப்பட்டு ஒரு விருந்தினரை அதிகாரி என்று நினைத்துத் தாங்கு தாங்கு என்று தாங்குகிறான். அவர் ஸ்பூன் விற்பவர். அது தெரிந்ததும் அத்தனை பணிவுக்கும் சேர்த்துப் பழிவாங்குகிறான். அந்த நேரம் பார்த்து நிஜ அதிகாரிகள் வந்து நிற்கிறார்கள். இன்னொரு எபிசோடில் கார் நின்றுவிடுகிறது. அவன் காரை எச்சரிக்கிறான், கெடு கொடுக்கிறான், பிறகு ஒரு மரக்கிளையைக் கொண்டுவந்து காரையே அடிக்கிறான். அவ்வளவு உழைப்பும் வீண். அதுவும் அவன் கையாலேயே வீண்.

ஜார்ஜும் இதே ஜாதிதான். நேர்மையாக இருந்தால் பத்து நிமிஷத்தில் முடிகிற வேலைக்கு மூன்று நாள் பொய் சொல்வான். கடைசியில் எதுவும் கிடைக்காது.

உங்களிடம் ஒன்று கேட்கலாமா? அந்தப் பக்கத்து மேசைக்காரர் ஜெயித்தாரா, தோற்றாரா?

மூன்றாம்_ரிமோட் எழுதியது:

வெட்டுமேசை சொல்வதில் பாதிதான் சரி. தோற்றால் போதும் என்றால் பிரென்டும் தோற்கிறான். இரண்டாவது சீசன் முடிவில் அவனுடைய வேலையே போகிறது. மேலதிகாரிகளிடம் கெஞ்சுகிறான், உண்மையாகவே கெஞ்சுகிறான். தொலைக்காட்சியில் இதைவிடப் பெரிய தோல்வியை நான் பார்த்ததில்லை. அப்படியும் தூக்கம்வராதவளால் பார்க்க முடியவில்லையே?

என் கணக்கில் விஷயம் கேமராவில் இருக்கிறது. அடிபட்டவர் முகத்தில் கேமரா எவ்வளவு நேரம் நிற்கிறது? அந்த வரவேற்பாளர் பெண் அழும்போது, தொடரை உருவாக்கிய ரிக்கி ஜெர்வேஸும் ஸ்டீபன் மெர்ச்சன்டும் நம்மை அங்கேயே உட்காரவைக்கிறார்கள். பின்னணியில் சிரிப்பொலி கிடையாது, இசை கிடையாது, வெறும் அலுவலகச் சத்தம்தான். சீன்ஃபெல்டில் ஏழாவது சீசன் முடிவை நினைத்துப் பாருங்கள் (1996). இருப்பதிலேயே மலிவான திருமண அழைப்பிதழ் உறைகளை ஜார்ஜ் தேர்ந்தெடுக்கிறான். அவற்றை நக்கி ஒட்டிய அவனுடைய வருங்கால மனைவி சூசன், பசையில் இருந்த விஷத்தால் இறந்துபோகிறாள். ஆஸ்பத்திரியில் நால்வரும் ஒரு கணம் திருதிருவென்று நிற்கிறார்கள். அப்புறம் காபி குடிக்கப் போகிறார்கள். சூசனின் அப்பா அம்மா முகத்தை அங்கே ஒரே ஒரு முறை காட்டியிருந்தால் சிரிப்பு செத்திருக்கும். காட்டவில்லை. கொடுமை என்றால் கொடுமைதான், ஆனால் யோசித்துச் செய்த கொடுமை.

இன்னொன்று. ஜார்ஜ் நம்மிடம் எதையும் கேட்பதில்லை. பிரென்ட் ஒவ்வொரு ஜோக்குக்குப் பிறகும் கேமராவைப் பார்க்கிறான். என்னைப் பிடிக்கிறதா, நான் எப்படி என்று நம்மிடமே கேட்கிறான். பதில் சொல்ல வேண்டிய இடத்தில் நாம் மாட்டிக்கொள்கிறோம். அந்தக் கூச்சம்தான் உங்களை எழுப்பி அனுப்பியது என்று நினைக்கிறேன்.

சீன்ஃபெல்டை உருவாக்கியவர்களில் ஒருவரான லாரி டேவிட் அதற்கு வைத்திருந்த விதி பிரசித்தம்: கட்டிப்பிடிக்கக் கூடாது, பாடம் கற்கக் கூடாது. அமெரிக்க 'தி ஆஃபீஸ்' இதற்கு நேர்மாறாகப் போனது. 2005இல் வந்த முதல் சீசன் ஆறே எபிசோடுதான், அதில் மேலாளர் மைக்கேல் ஸ்காட் கிட்டத்தட்ட பிரென்டின் நகல். அடுத்த சீசனிலிருந்து அவனை இளக்கினார்கள். தலைமுடி முதற்கொண்டு மாறியது. மூன்றாவது சீசனில் வரவேற்பாளர் பாம் (Pam) வரைந்த ஓவியங்களை யாரும் கண்டுகொள்ளாதபோது கடைசியில் வந்து ஒன்றை வாங்கிக்கொள்வது மைக்கேல்தான். நானும் கண் கலங்கினேன், மறைக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவன் நமக்குப் பிடிக்காத நாயகன் இல்லை, குறும்புக்காரச் சித்தப்பா. அது வேறு சரக்கு.

'பீப் ஷோ' என்ற பிரிட்டிஷ் தொடரைப் பார்க்காதவர்கள் பாருங்கள். 2003 முதல் 2015 வரை வந்தது. கேமரா பாத்திரங்களின் கண்ணிலேயே இருக்கும், மனசுக்குள் ஓடுவதும் காதில் விழும். தவறுதலாகக் கொன்ற நாயை மறைப்பதற்காக, இது வான்கோழிக் கறி என்று சொல்லி நாயகர்களில் ஒருவனான ஜெரமி ஒரு வாய் கடித்தே காட்டுகிறான். நான் தலையணையால் முகத்தை மூடிக்கொண்டு பார்த்தேன். ஆனால் பார்த்தேன்.

குறுக்குச்சந்து எழுதியது:

அக்கா, இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? நீங்கள்தான் ஜார்ஜ். நானும்தான். எதிரே தெரிந்தவர் வருவது தெரிந்தால் போனில் பேசுவது மாதிரி நடிக்கிற ஆள் நான். ஒருநாள் அப்படி நடித்துக்கொண்டிருந்தபோது நிஜமாகவே போன் அடித்தது, அதுவும் காதிலேயே. 'கர்ப் யுவர் என்தூசியாசம்' தொடரில் லாரி டேவிட் தன் பெயரிலேயே நடித்து, இதே மாதிரிக் குசலம் விசாரிப்புகளிலிருந்து தப்பிக்கத்தான் 2000இலிருந்து 2024 வரை பாடுபட்டார். நான் மனசுக்குள் நினைப்பதை அவர் வாய்விட்டுச் சொல்லி அடியும் வாங்கிக்கொள்கிறார். எனக்குச் செலவு மிச்சம்.

பழைய_ஆன்டெனா எழுதியது:

எல்லோரும் ஒரே திசையில் போகிறீர்கள். கொஞ்சம் குறுக்கே நிற்கிறேன்.

சிரிக்கிறவர்கள் எல்லோரும் ஒரே காரணத்துக்காகச் சிரிப்பதில்லை. 1971இல் அமெரிக்காவில் 'ஆல் இன் த ஃபேமிலி' வந்தது. பிரிட்டனில் ஆல்ஃப் கார்னெட் என்ற வாய்த்துடுக்கு ஆசாமியை வைத்து ஓடிய தொடரைப் பார்த்து நார்மன் லியர் உருவாக்கியது. நாயகன் ஆர்ச்சி பங்க்கர் நிற வெறியன், எல்லோரையும் மட்டம் தட்டுவான். அவனைக் கேலி செய்வதுதான் தொடரின் நோக்கம். நீல் விட்மார், மில்டன் ரோக்கீச் என்ற இரண்டு உளவியலாளர்கள் பார்வையாளர்களிடம் கேட்டு 1974இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஏற்கெனவே அதிகத் துவேஷம் உள்ளவர்கள் ஆர்ச்சியை ரசித்தார்கள். கடைசியில் ஜெயிப்பது அவன்தான் என்றும் அவர்களில் பலருக்குத் தோன்றியது. அதே காட்சி, அதே வசனம். ஒருவர் அவனைப் பார்த்துச் சிரிக்கிறார், பக்கத்தில் இருப்பவர் அவனோடு சேர்ந்து சிரிக்கிறார்.

என் சொந்தக்காரர் ஒருவர் இப்படித்தான். ஆர்ச்சி யாரையாவது திட்டினால் தொடையில் தட்டிச் சிரிப்பார். தொடரில் ஆர்ச்சியின் மருமகன் பதில் சொல்லும் கட்டத்தில் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவார். பாதி நிகழ்ச்சியை மட்டும் பார்த்துக்கொண்டு வருடக்கணக்கில் சந்தோஷமாக இருந்தார் மனிதர்.

அதனால் ஜார்ஜ் தோற்கிறான், பேசில் தோற்கிறான் என்பதெல்லாம் பார்க்கிறவர் ஒப்புக்கொண்டால்தான். சீன்ஃபெல்டின் கடைசி எபிசோடுக்கு எழுந்த எரிச்சலை நினைத்துப் பாருங்கள். 1998 மே 14, அமெரிக்காவில் சுமார் 7.6 கோடிப் பேர் பார்த்தார்கள். ஒருவர் கொள்ளையடிக்கப்படுவதைக் கண்டும் உதவாமல் கிண்டல் செய்துகொண்டு நின்ற குற்றத்துக்காக நால்வருக்கும் ஒரு வருடம் சிறை. முன்பு அவர்களிடம் சிக்கிச் சீரழிந்தவர்கள் ஒவ்வொருவராகச் சாட்சி சொல்ல வருகிறார்கள். ஒன்பது வருடம் கூட்டாளியாக உட்கார்ந்திருந்த ரசிகனைத் திடீரென்று நீதிபதி நாற்காலியில் ஏற்றினால் கோபம் வராதா? எனக்கு அந்த முடிவு பிடிக்கும். தனி ஆளாக நின்று சண்டை போட்டிருக்கிறேன். 2024இல் லாரி டேவிட் கர்ப் தொடரை முடித்தபோது அதே மாதிரி வழக்கு, அதே மாதிரி சாட்சிகள், ஆனால் விசாரணை செல்லாமல் போய் வெளியே வந்துவிட்டார். அதற்கு ஒருவரும் முணுமுணுத்த மாதிரி தெரியவில்லை.

தூக்கம்வராதவள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு இரவு போய்விட்டது, உங்கள் புண்ணியத்தில்.

மூன்றாம்_ரிமோட் சொன்னதற்காகப் பிரென்டை நான்காவது முறையாக ஆரம்பித்தேன். அந்த அழுகைக் காட்சியில் எழுந்து போகாமல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். கெஞ்சுகிற கட்டம் வரை வந்துவிட்டேன். சிரிப்பு வரவில்லை. நிறுத்தவும் தோன்றவில்லை. அவன் நம்மிடம் ஏதோ கேட்கிறான் என்றீர்களே, அது சரி. பதில் சொல்ல எனக்குத்தான் விருப்பமில்லை போல.

பழைய_ஆன்டெனா, உங்கள் சொந்தக்காரர் எழுந்து போகிற கதையைப் படித்ததும் எனக்கே கொஞ்சம் உதைத்தது. நானும் எழுந்துதானே போனேன்? ஆனால் அவர் பதிலடியைப் பார்க்காமல் போனார், நான் அடியைப் பார்க்காமல் போனேன். ஒன்றல்ல என்று சொல்லிக்கொள்கிறேன்.

வெட்டுமேசை கேட்ட கேள்விக்கு: ஜெயித்தார். பதவி உயர்வு கிடைத்தது, எனக்கு முன்னால்.

ஆனால் நேற்று வீட்டுக்காரரிடம் அந்த எக்செல் விவகாரத்தைச் சொல்லும்போது, இத்தனை வருடமாக விட்டுவிட்டுச் சொன்ன ஒரு துண்டு ஞாபகம் வந்தது. கூட்டத்தில் மேலாளர் திரையைக் காட்டி, இந்தக் கூட்டுத்தொகை எப்படி வந்தது, விளக்குங்கள் என்று கேட்டார். நம் ஆளுக்கு ஒன்றும் தெரியாது. "ஒரு நிமிஷம் சார், பேனா விழுந்துவிட்டது" என்று மேசைக்கு அடியில் குனிந்தார். குனிந்தவர் வரவே இல்லை. மேலே எட்டுப் பேர் காத்திருக்கிறோம். நான் அப்போது கொதித்துக்கொண்டிருந்ததால் அதில் சிரிக்க எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

வீட்டுக்காரர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, "எவ்வளவு நேரம் கீழேயே இருந்தார்?" என்றார்.

மேலாளர் அலுத்துப்போய் அடுத்த விஷயத்துக்குத் தாவும் வரை இருந்தார். எழுந்து வந்தபோது கையில் பேனா இல்லை.