இரவில் வாகன இலக்கத் தகடு வெள்ளையாகிறது: லென்ஸா, ஷட்டரா?

வெள்ளவத்தையில் காலி வீதியைப் பார்த்த எங்கள் கடைக்குப் போன மாதம் சிசிடிவி கமரா பூட்டினோம். 4 மெகாபிக்சல், 2.8 மிமீ லென்ஸ், ஐஆர் (இருட்டில் பார்க்க உதவும் அகச்சிவப்பு ஒளி) 30 மீற்றர், டபிள்யூடிஆர் (வெளிச்சத்தையும் இருளையும் சமப்படுத்தும் வசதி) 120 டிபி. பகலில் குறையில்லை. இரவில் ஹெட்லைட் விழுந்ததும் இலக்கத் தகடு வெறும் வெள்ளைக் கட்டம், ஓடுகிற ஆட்டோ என்றால் அதுவும் இழுபட்டுத் தெரிகிறது. டபிள்யூடிஆரைப் போட்டும் நிறுத்தியும் பார்த்தேன், எச்எல்சி (கடும் வெளிச்சத்தை அடக்கும் வசதி) ஹெட்லைட்டை மட்டும் கறுப்பாக்கியது, பிட்ரேட்டை (நொடிக்குப் பதிவாகும் தரவின் அளவு) ஏற்றியதில் ஹார்ட் டிஸ்க் நிறைந்ததுதான் மிச்சம். ஷட்டரை (ஒளியை உள்ளே விடும் நேரம்) 1/25 நொடியிலிருந்து 1/500 ஆக்கினால் தகடு ஓரளவு தெரிகிறது, ஆனால் வீதியே இருட்டு. பூட்டியவர் "8 மெகாபிக்சல் வாங்குங்கோ" என்கிறார் (அவருக்கு எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து). கமராவிலிருந்து வாகனத்துக்கு ஏறக்குறைய 12 மீற்றர். இந்தத் தூரத்துக்கு, தொலைவை நெருக்கிக் காட்டும் 12 மிமீ லென்ஸ் கமரா ஒன்றைத் தகட்டுக்கென்றே தனியாகப் பூட்டத்தான் வேண்டுமா, இல்லை இதிலேயே சரிசெய்ய வழி உண்டா?