அலைன்மென்ட் பார்த்தும் டயர் ஓரம் தின்கிறதா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

காரைக்குடியிலிருந்து, வாடகை பிக்கப்:

ஆறு வருடமாக 1.3 டன் வண்டி ஓட்டுகிறேன். பாதி நாள் ஆத்தங்குடிக் கல், மீதி நாள் இடித்த வீட்டு நிலை, கதவு, தேக்குத் தூண். போன வருடம் வாட்டர் சர்வீஸுக்கு வண்டியைத் தூக்கியபோதுதான் பார்த்தேன். முன்பக்க இடது டயரின் உள் ஓரம் மொட்டை. வெளியே நின்று பார்த்தால் டயர்மேல் கட்டை கட்டையாக இருக்கும் பட்டன் எல்லாம் புதுசு போல இருக்கிறது. டயர் போட்டு 9,000 கிலோமீட்டர்கூட ஓடவில்லை.

அலைன்மென்ட்தான், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம்தான், போய்விட்டது என்று கம்ப்யூட்டர் வைத்த கடையில் விட்டேன். எதையோ கொஞ்சம் திருப்பினார்கள், திரையில் எல்லாம் பச்சை. இரண்டு மாதத்தில் அதே இடத்தில் அதே தேய்மானம். மறுபடி விட்டேன், மறுபடி பச்சை. இரண்டு தடவையும் சக்கரத்தைப் பிடித்து ஒருவர்கூட ஆட்டிப் பார்க்கவில்லை. எனக்கு இன்னும் ஆறாத கோபம் அதுதான்.

கடைசியில் பள்ளத்தூர் பக்கம் பஞ்சர் ஒட்டப் போன இடத்தில் விடை கிடைத்தது. கடைக்காரப் பெரியவர் டயர்மேல் உள்ளங்கையை வைத்துத் தடவிவிட்டு, "தம்பி, ஜாக்கியைப் போடு" என்றார். சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டினார், ஒன்றும் இல்லை. ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு நன்றாக இருக்கிறது என்றார். அப்புறம் மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். லொடக் என்றது. என்னை ஏறி பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டினார். அப்போதும் லொடக். பிரேக் பிடித்தால் சக்கரம் ஸ்டப் ஆக்சிலோடு, அதாவது அது சுற்றுகிற அச்சோடு, ஒட்டிக்கொள்ளும், பேரிங் ஆட்டமாக இருந்தால் அங்கேயே நின்றுவிடும். நிற்கவில்லை என்றால், சக்கரம் இடம் வலம் திரும்ப அச்சாணியாக இருக்கும் கிங் பின்னும் அதைச் சுற்றியுள்ள புஷ்ஷும் போய்விட்டன என்று அர்த்தமாம்.

காலி வண்டியை அசையாமல் நிறுத்தி அளந்தால் பச்சை வராமல் என்ன செய்யும்? லோடு ஏறி ரோட்டில் இறங்கியதும் அந்த ஆட்டம் முழுக்க வெளியே வருகிறது. சக்கரத்தின் தலை உள்பக்கம் சாய்ந்து உள் ஓரமாகவே தேய்கிறது. இடது பக்கம் முதலில் போனதற்கு நம்ம ஊர் ரோடும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். எதிரே பஸ் வந்தால் இடது சக்கரத்தைத்தானே தார் விளிம்பிலிருந்து செம்மண்ணில் இறக்குகிறோம்.

புஷ் ஏன் தேய்ந்தது என்றும் அவரே சொன்னார். பிரஷரில் தண்ணீர் அடித்துக் கழுவுகிறேன், அதன் பிறகு கிரீஸ் வைப்பதில்லை. கிரீஸையும் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, பாரம் இல்லாமல் வைத்து அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் பாரம் அழுத்துகிற பக்கம் கிரீஸ் சரியாகப் போகாது என்றார். கிங் பின், புஷ் செட்டை மாற்றிய பிறகு அலைன்மென்ட் பார்த்தேன். இப்போது 14,000 ஓடிவிட்டது, தேய்மானம் சமமாக இருக்கிறது. மொத்தச் செலவு ஒரு புது டயர் விலைகூட ஆகவில்லை.

கானாடுகாத்தானிலிருந்து:

அண்ணே, என் கதை காற்று. பின் டயர்களில் இரண்டு ஓரமும் தேய்ந்து நடு மட்டும் நின்றது. அக்னி நட்சத்திரத்தில் டயர் வெடித்துவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, மேலூர் தாண்டி ஒரு பங்கில் சூடான டயரிலிருந்து காற்றை இறக்கிக்கொண்டு வந்தேன். சூட்டில் அழுத்தம் ஏறிக் காட்டும், ஆறினால் தானாக இறங்கும். நான் அதற்கும் கீழே இறக்கிவிட்டேன். குறைந்த காற்றில் லோடு ஏற்றினால் டயர் வளைந்து வளைந்து இன்னும்தான் சூடாகும், வெடிக்கிற டயர் அதுதான் என்பது அப்புறம்தான் புரிந்தது. இப்போது காலையில் வண்டி எடுக்கும் முன், கதவோரம் ஒட்டியிருக்கும் அளவைப் பார்த்துப் பிடிக்கிறேன்.

புதுவயலிலிருந்து:

எனக்கு ஓரம் இல்லை, டயர் சுற்றிலும் திட்டுத் திட்டாகப் பள்ளம். வ்வ்வ் என்று சத்தம் வர, பேரிங் என்று நினைத்து மாற்றினேன். சத்தம் போகவில்லை. ஷாக் அப்சார்பர் எண்ணெய் கசிந்து செத்துக் கிடந்தது. டயர் ரோட்டில் உட்காராமல் குதித்துக் குதித்துப் போயிருக்கிறது.

தேவகோட்டையிலிருந்து:

10,000 கிலோமீட்டருக்கு ஒரு தரம் முன்னும் பின்னும் மாற்றிப் போட்டால் இந்தத் தொல்லையே இல்லை. இதற்கு ஏன் இவ்வளவு பேச்சு?

காரைக்குடி:

மாற்றிப் போடுவது நல்லதுதான், நானும் போடுகிறேன். ஆனால் கழற்றும் முன் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி உள் ஓரத்தைப் பாருங்கள், கையாலும் தடவுங்கள். ஒரு பக்கமாகத் தடவினால் வழவழப்பு, எதிர்ப்பக்கமாகத் தடவினால் ரம்பம் மாதிரி இருந்தால் டோ கோளாறு, அதாவது சக்கரங்களின் முன்முனை உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கிறது. பார்க்காமல் மாற்றினால் ஒரு டயரைத் தின்ற கோளாறு நான்கையும் தின்னும். உங்கள் வண்டி நேராகப் போகும்போது ஸ்டியரிங் நேராக நிற்கிறதா?

தேவகோட்டை:

இல்லை, கொஞ்சம் வலது பக்கம் திருப்பிப் பிடித்தால்தான் நேராகப் போகும். பழகிவிட்டது.

காரைக்குடி:

அப்படியானால் பின்பக்கப் பட்டையை, அதாவது ஸ்பிரிங் தகடுகளைப் பாருங்கள். பட்டையை ஆக்சிலோடு கட்டும் யு போல்ட் தளர்ந்து ஓவர்லோடும் ஏற்றினால், பட்டையின் நடுவில் இருக்கும் சென்டர் போல்ட் அறுந்து பின் ஆக்சில் ஒரு பக்கம் நகர்ந்துவிடும், வண்டி கோணலாக இழுக்கும். வண்டியைச் சமதளத்தில் நேராக நிறுத்தி, முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடு வரை இரண்டு பக்கமும் டேப் பிடியுங்கள்.

தேவகோட்டை (மறுநாள்):

தச்சர் ஒருவர் டேப்பின் மறுமுனையைப் பிடித்தார். இரண்டு பக்கத்துக்கும் 18 மில்லிமீட்டர் வித்தியாசம். வண்டி பட்டறையில் நிற்கிறது.