திருகோணமலை – டொராண்டோ: இன்சுலினைக் குளிர் குறையாமல் கொண்டுபோறது எப்படி?

வணக்கம். வைகாசிக் கடைசியில அம்மா டொராண்டோ போறா, தோகாவில விமானம் மாறி. பாஸ்போட், விசா, டிக்கெட் எல்லாம் சரி. இன்சுலின்தான் இடிக்குது.

கொண்டுபோறது 3 மாதத்துக்கான 30/70 கலப்பு இன்சுலின், 10 மில்லிலீற்றர் குப்பிகள், சீல் உடைக்காதவை. இவை 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள்ள இருக்கவேணும். உறைஞ்சால் அதோட சரி: எவ்வளவு உருட்டினாலும் வெள்ளைத் திரள் கரையாது, குப்பையிலதான் போடவேணும். விமானத்தின்ர சாமான் அறையில உறையக்கூடும், அதால பெரிய பெட்டியில போடுற கதையே இல்லை, கைப்பைதான். இரவு பஸ்ஸில கட்டுநாயக்க, அங்க காத்திருப்பு, ரெண்டு விமானம் என்று 30 மணித்தியாலம் தாண்டும்.

தண்ணியில ஊறவைக்கிற குளிர்ப்பை வாங்கிப் பார்த்தம். வறண்ட கச்சான் காத்து அடிக்கேக்க நல்லாக் குளிருது. கடற்கரைப் புழுக்கத்தில ஈரம் காயாதபடியால் சும்மா ஈரத்துணிதான். எப்படியும் அது 8 பாகைக்கு இறங்காது. வாயகன்ற பிளாஸ்கில ஐஸ் போட்டால், ஐஸில முட்டுற குப்பி உறையப் பார்க்குது. துவாய் சுத்தினால் அந்தப் பயம் இல்லை, ஆனால் விடியக்குள்ள ஐஸ் தண்ணியாப் போகுது. ஜெல் பைதான் இருக்கிறதுக்குள்ள நல்லது, அதுவும் தோகா போய்ச் சேரேக்க இளகியிருக்கும்.

மருந்தின் பொதுப்பெயர், அளவு, ஊசிகள் எல்லாம் எழுதின டொக்டர் கடிதம் ஆங்கிலத்தில இருக்கு. விமானத்தில பிரிட்ஜில வைப்பினம் என்று நம்பேலாது.

இப்படிக் கொண்டுபோன ஆக்கள் சொல்லுங்கோ: தோகாவில இடைமாறேக்க ஜெல் பையைத் திரும்ப உறையவைக்கவோ புது ஐஸ் எடுக்கவோ எங்க முடிஞ்சுது?