லுத்தரைத் தேடிப் போன ஊர்களில் உங்கள் கால் எங்கே நின்றது?

பாளையங்கோட்டையிலிருந்து

திருச்சபைச் சீர்திருத்தக்காரர் மார்ட்டின் லுத்தரின் ஊர்களைப் பார்க்க நம்மில் சிலர் சபையாரோடு ஜெர்மனிக்குப் போய் வந்திருக்கிறோம். போக வேண்டும் என்று காத்திருப்பவர்கள் அதைவிட அதிகம். எந்தெந்த ஊர் பார்த்தோம் என்ற பட்டியல் எந்தப் பயண நிறுவனத்தின் தாளிலும் கிடைக்கும். எந்த இடத்தில் கால் நகராமல் நின்றது, அங்கே யாரைச் சந்தித்தோம் என்று எழுதினால் பின்னால் போகிறவர்களுக்கு உதவியாக இருக்கும். நானே தொடங்குகிறேன்.

எனக்கு முதலில் எர்ஃபுர்ட். 1505 ஜூலையில், ஸ்டொட்டர்ன்ஹைம் என்ற கிராமத்துப் பக்கம் இடிமின்னலில் சிக்கிய சட்டக் கல்லூரி மாணவர் லுத்தர், உயிர் பிழைத்தால் துறவியாகிறேன் என்று பொருத்தனை பண்ணினார். இரண்டு வாரத்துக்குள் இந்த ஊர் அகஸ்தீனார் மடத்துக் கதவைத் தட்டிவிட்டார். ஞாயிறு பள்ளியிலேயே நாம் கேட்ட கதைதான். ஆனால் அந்த மடத்து ஆலயத்தில் பலிபீடத்துக்கு முன்னால் தரையில் பதித்திருக்கும் கல்லறைக் கல்லைப் பற்றி எனக்கு யாரும் சொன்னதில்லை. அது யோஹானஸ் ஜக்கரியே என்ற அகஸ்தீனத் துறவியின் கல். கான்ஸ்டன்ஸில் கூடிய திருச்சபைச் சங்கத்தில், செக் நாட்டுச் சீர்திருத்தக்காரர் ஜான் ஹஸ்ஸுக்கு எதிராக வாதாடிப் பேர் வாங்கியவர் அவர். ஹஸ்ஸை 1415-ல் எரித்துக் கொன்றார்கள். மடத்தில் சேருகிறவர் இந்த இடத்தில்தான் கைகளை விரித்துக் குப்புற விழுந்து வாக்குக் கொடுப்பாராம். லுத்தரும் அந்தக் கல்மேல்தான் கிடந்தார் என்று அங்கே சொல்கிறார்கள். அதே லுத்தர் 1519-ல் லைப்சிக் விவாதத்தில் எழுந்து நின்று, ஹஸ் சொன்னவற்றில் பலவும் சுவிசேஷத்துக்கு ஏற்றவைதான் என்று பேசினார். இடையில் எத்தனை ராத்திரி தூங்காமல் வேதத்தைப் புரட்டியிருப்பார்! அந்தக் கல்லில் செதுக்கிய உருவம் தேய்ந்து போயிருக்கிறது. நான் குனிந்து தொட்டுப் பார்த்தேன்.

அதே மடத்தில் இன்னொன்று. 1945 பிப்ரவரி 25 அன்று குண்டுவீச்சுக்குப் பயந்து மடத்து நூலகத்தின் நிலவறையில் ஒதுங்கியிருந்த 267 பேர் அங்கேயே இறந்துபோனார்கள். லுத்தரைப் பார்க்கப் போகும் குழுக்கள் பெரும்பாலும் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுகின்றன. தயவுசெய்து அங்கே கொஞ்சம் நில்லுங்கள்.

வார்ட்பர்க் கோட்டையை நான் அதிகம் சொல்லப்போவதில்லை. 1521 மே முதல் மறுவருடம் மார்ச் வரை லுத்தர் தாடி வளர்த்து, வீரன் வேஷத்தில் ஒளிந்திருந்த இடம். சுமார் பதினொரு வாரத்தில் புதிய ஏற்பாட்டை ஜெர்மனில் கொண்டுவந்ததும் இங்கேதான். கூட்டம் அதிகம், அந்த அறையில் நிற்க விடமாட்டார்கள். லுத்தர் பிசாசின்மேல் மைக்கூட்டை வீசியதாகச் சொல்லும் கறை எங்கே என்று எல்லோரும் சுவரைத் தேடுகிறார்கள். கறையைச் சுரண்டிச் சுரண்டியே பழைய பயணிகள் காரையைத் தீர்த்துவிட்டார்கள். அறையில் கால் வைக்கப் பயன்பட்ட திமிங்கல முதுகெலும்புத் துண்டு ஒன்று கிடக்கிறது, அதைப் பாருங்கள்.

அப்புறம் விட்டன்பர்க். லுத்தர் 95 கருத்துரைகளை ஒட்டியதாகச் சொல்லும் கோட்டை ஆலயக் கதவைத்தான் எல்லோரும் போட்டோ எடுக்கிறார்கள்; ஆனால் அது 1517-ல் இருந்த மரக்கதவு இல்லை. அது 1760-ல் போரில் எரிந்துபோனது. இப்போது இருப்பது 1858-ல் வைத்த வெண்கலக் கதவு. 95 கருத்துரைகளும் லத்தீனில் அதில் வார்த்திருக்கிறது. உள்ளே லுத்தரும் அவருடைய உடன் ஊழியர் மெலங்க்தனும் எதிரெதிரே அடக்கம் பண்ணப்பட்டிருக்கிறார்கள். நம் குழுவினர் லுத்தர் கல்லறையிலேயே கூடிவிட்டார்கள். மெலங்க்தன் பக்கம் ஆளில்லை. இது எனக்கு ஒரு குறைதான். 1530-ல் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையை எழுதிக் கொடுத்தவர் மெலங்க்தன். அன்றைக்கு லுத்தர் ராஜாங்கத் தடையால் ஆக்ஸ்பர்குக்குள் கால் வைக்க முடியாமல் கோபர்க் கோட்டையில் உட்கார்ந்து கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். லுத்தரன் என்று நாம் சொல்லிக்கொள்வதற்கு ஆதாரமான அறிக்கை இந்த மெலிந்த கிரேக்க வாத்தியாரின் கையிலிருந்து வந்தது.

என் கால் நின்ற இடம் அவர் வீடு. மேல்மாடியில் அவர் இறந்த அறை. 1560 ஏப்ரல் 19. சாவதற்குச் சில நாள் முன்பு ஒரு தாளில், மரணத்துக்கு ஏன் பயப்பட வேண்டாம் என்று தனக்குத்தானே எழுதி வைத்திருக்கிறார். ஒரு பக்கம், விட்டுப் போகும் சங்கதிகள்: பாவத்திலிருந்து விடுதலை, துயரங்களிலிருந்து விடுதலை, இறையியலாளர்களின் வெறியிலிருந்து விடுதலை. மறுபக்கம், கிடைக்கப்போகிறவை: ஒளிக்குள் வருவாய், தேவனைக் காண்பாய், இந்த வாழ்வில் புரியாமல் போன இரகசியங்களைக் கற்றுக்கொள்வாய். லுத்தர் இறந்த பிறகு பதினான்கு வருடம் சொந்தக் கட்சிக்காரர்களே அவரைத் துரோகி என்று கிழித்தார்கள். அந்த வலி அந்தத் தாளில் ஒரே வரியாக நிற்கிறது. சபைச் சண்டையில் நொந்துபோன எந்த ஐயரும் (போதகரும்) அந்த அறைக்குப் போனால் அழுதுவிடுவார். எங்கள் ஐயர் அழுதார்.

எங்களை அழைத்துப் போன வழிகாட்டி அம்மா எந்தச் சபையையும் சேர்ந்தவர் இல்லை. அந்தப் பகுதி பழைய கிழக்கு ஜெர்மனி; பெரும்பாலானோர் அப்படித்தான். தன் பாட்டியோடு வீட்டில் ஆலயம் போகும் வழக்கம் நின்றுவிட்டது என்றார். ஆனால் அந்தத் தாளின் வரிகளை அவர் மனப்பாடமாகச் சொன்னார். பிறகு எங்களைப் பார்த்து, "உங்கள் ஊரில் இளைஞர்கள் ஆலயத்துக்கு வருகிறார்களா?" என்று கேட்டார். வருகிறார்கள் என்றோம். ஏன் வருகிறார்கள் என்று அடுத்த கேள்வி. ஆளுக்கொரு பதில் சொன்னோம். பஸ்ஸிலும் அந்தப் பேச்சே ஓடியது.

கடைசியாக ஒன்று, கசப்பானது. விட்டன்பர்க் ஊர்ச்சபை ஆலயத்தின் வெளிச்சுவரில், உயரத்தில், யூதர்களைப் பன்றியோடு சேர்த்து இழிவுபடுத்தும் சிற்பம் ஒன்று இருக்கிறது. 1300 வாக்கில் செதுக்கியது. லுத்தர் 1543-ல் யூதர்களுக்கு எதிராக எழுதிய நூல் ஒன்றில் இந்தச் சிற்பத்தை எடுத்துக்காட்டிப் பேசியிருக்கிறார். அதன் நேர்கீழே தரையில் 1988-ல் நினைவுத் தகடு வைத்தார்கள், கொல்லப்பட்ட அறுபது லட்சம் யூதர்களைச் சொல்லி. சிற்பத்தை எடுத்துவிட வேண்டும் என்று வழக்கு நடந்து, 2022-ல் ஜெர்மனியின் உச்ச உரிமையியல் நீதிமன்றம் அது இருக்கலாம் என்று தீர்ப்பளித்தது. குழுத் தலைவர்கள் இந்தச் சுவர்ப் பக்கம் போகாமல் உள்ளே கிரானாக் வரைந்த பலிபீட ஓவியத்துக்கு நேராக அழைத்துப் போய்விடுகிறார்கள். ஓவியத்தில் லுத்தர் ஒரு கையை வேதத்தில் வைத்து, மறு கையால் சிலுவையில் இருக்கும் கிறிஸ்துவைக் காட்டுகிறார். அற்புதமான ஓவியம். ஆனால் சுவரையும் பாருங்கள். இரண்டும் ஒரே ஆலயத்தில்தான் இருக்கின்றன. லுத்தரை நேசிக்கிற நாம்தான் அதை முதலில் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

நாகர்கோவிலிலிருந்து

அண்ணன் எழுதியதில் கத்தரீனா அம்மாவைக் காணோம், அதனால் நான் சேர்க்கிறேன். எங்கள் பெண்கள் ஐக்கியம் கேட்டுக்கொண்டதால் டோர்காவ் ஊரையும் வழியில் சேர்த்தார்கள். கத்தரீனா ஃபான் போரா 1523-ல் கன்னியர் மடத்திலிருந்து தப்பி வந்தவர், 1525-ல் லுத்தரை மணந்தார். வீட்டில் மாணவர்கள், அகதிகள், உறவுக்காரர்கள் என்று எப்போதும் பந்தி. மாடு, பன்றி, தோட்டம், பியர் வடிப்பது என்று எல்லாக் கணக்கும் அவர் கையில். அந்தச் சாப்பாட்டு மேஜையில் லுத்தர் பேசியதை மாணவர்கள் குறிப்பெடுத்துப் புத்தகமாக்கினார்கள். அந்த மேஜைக்குச் சோறு எங்கிருந்து வந்தது என்று கேட்க ஆளில்லை.

விட்டன்பர்கில் கொள்ளைநோய் வந்தபோது பிள்ளைகளோடு கிளம்பினார். வழியில் வண்டி விபத்தில் அடிபட்டு, 1552 டிசம்பரில் டோர்காவில் இறந்தார். மரியாள் ஆலயத்தில் அவர் நினைவுக்கல் இருக்கிறது. முழு உருவம், கையில் புத்தகம். எங்களில் ஒரு அக்கா, கணவர் இறந்து தனியாகப் பிள்ளைகளை ஆளாக்கியவர், அந்தக் கல்லைவிட்டு வரவே மாட்டேன் என்றார். லுத்தர் போன பிறகு இந்த அம்மா போரிலும் வழக்கிலும் நிலத்துக்காக அலைந்ததை எங்கள் வழிகாட்டி சொன்னபோது அந்த அக்கா, "விதவைக்கு எந்த ஊரானாலும் ஒன்றுதான்" என்றார்.

விட்டன்பர்க் வீட்டு வாசலில் 1540-ல் வைத்த கல்நிலை ஒன்று இருக்கிறது, இரண்டு பக்கமும் உட்காரக் கல் இருக்கையோடு. கத்தரீனாவுக்காகச் செய்யப்பட்டது. அதில் உட்கார்ந்து பாருங்கள்.

தரங்கம்பாடிப் பக்கத்திலிருந்து

எனக்கு விட்டன்பர்கைவிட ஹாலே. ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே என்ற லுத்தரன் போதகர் 1695-ல் தன் வீட்டு உண்டியலில் விழுந்த நாலு தாலர் பதினாறு குரோஷன் காசை வைத்து ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். அது ஒரு ஊர் அளவுக்கு வளர்ந்துவிட்டது. அனாதை இல்லக் கட்டடத்தின் நெற்றியில் சூரியனை நோக்கிப் பறக்கும் இரண்டு கழுகுகள், ஏசாயா 40:31. உள்ளே மாடியில் பழைய அதிசயப் பொருள் அறை; கூரையிலிருந்து ஒரு முதலை தொங்குகிறது. அலமாரிகளில் ஒன்றில் நம் கடற்கரையிலிருந்து போன பொருட்கள். முந்நூறு வருடத்துக்கு முன் கப்பலேறிப் போனவை.

நம் கரைக்கு வந்த மிஷனரி சீகன்பால்க் ஐயர் இங்கே கொஞ்ச காலம் படித்தவர். 1706 ஜூலை 9-ல் தரங்கம்பாடியில் இறங்கினார். ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகள் அச்சுக்காக இங்கே வந்ததும், எழுத்து பெரிதாக இருந்ததால் நம் பக்கத்திலேயே சின்னதாக வார்த்துக்கொண்டதும் நாம் சின்ன வயதிலிருந்து கேட்பது. ஆனால் எனக்கு அங்கே நின்றபோது மனதில் வந்தவர் மலையப்பன். 1714-ல் ஐயர் ஐரோப்பா திரும்பியபோது கூடவே கப்பலேறிய தமிழ் இளைஞர். ஐயரின் தமிழ் இலக்கணம் லத்தீனில் 1716-ல் ஹாலேயில் அச்சானது. அந்த வேலைக்கு ஒரு தமிழன் பக்கத்தில் இருந்தான் என்பதை யாரும் பலகையில் பெரிதாக எழுதவில்லை. குளிர் எப்படித் தாங்கியிருப்பான், சோறு கிடைத்திருக்குமா என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் மக்களின் தெய்வங்களைப் பற்றி ஐயர் 1713-ல் பெரிய நூல் எழுதி ஹாலேக்கு அனுப்பினார். இதை அச்சிடவா உங்களை அனுப்பினோம் என்று ஃபிராங்கே கிடப்பில் போட்டுவிட்டார். 1867-ல்தான் அது சென்னையில் அச்சேறியது. எழுதியவர் 1719-லேயே முப்பத்தாறு வயதில் இறந்து, தாம் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தில் அடக்கமாகியிருந்தார். ஆவணக்காப்பகத்தில் இருந்த இளம் ஆய்வாளர் ஒருவரிடம் நான் தரங்கம்பாடி என்று சொன்னதும் அவர் எழுந்து நின்று கைகொடுத்தார். ஓலைச்சுவடிகளைப் பற்றி அவர் பேசப்பேச எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஒரு ஓலையில் இருந்த வரியை நான் வாசித்துக் காட்டச் சொன்னார். பழைய கை, தட்டுத் தடுமாறி வாசித்தேன். அவர் காதை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கோயம்புத்தூரிலிருந்து

பெர்லினை யாரும் எழுதவில்லை. மரியன்பர்கர் அலே 43, ஹிட்லரை எதிர்த்த போதகர் டீட்ரிக் போன்ஹோஃபரின் பெற்றோர் வீடு. சாதாரணத் தெரு, சாதாரண வீடு. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. மேலே அவர் அறை: மேஜை, புத்தக அலமாரி, கட்டில். 1943 ஏப்ரல் 5 மதியம் அவர் தன் அக்கா கணவர் டொனான்யி வீட்டுக்குப் போன் போட்டார். பழக்கமில்லாத ஆண் குரல் எடுத்தது. கைது செய்ய வந்துவிட்டார்கள் என்று புரிந்துபோனது. பக்கத்து வீட்டில் இருந்த இன்னொரு அக்காவிடம் போய் வயிறார சாப்பாடு போடச் சொல்லிச் சாப்பிட்டுவிட்டு, திரும்பி வந்து மேஜையில் காகிதங்களை ஒழுங்குபண்ணி வைத்துவிட்டுக் காத்திருந்தார். நாலு மணி வாக்கில் அப்பா வந்து, உன்னைப் பார்க்க இரண்டு பேர் வந்திருக்கிறார்கள் என்றார். 1945 ஏப்ரல் 9-ல் ஃப்ளோசன்பர்க் முகாமில் தூக்கிலிட்டார்கள், வயது முப்பத்தொன்பது. அவர் அண்ணனும் மச்சினர் இருவரும் அதே மாதத்தில் கொல்லப்பட்டார்கள். சாப்பாடு போட்ட அக்காவின் கணவர் அதில் ஒருவர்.

பாளையங்கோட்டை அண்ணன் சொன்ன சுவரை நான் முதல் நாள் பார்த்திருந்தேன். அதனால் இந்த அறையில் வேறு மாதிரி நின்றேன். 1933-லேயே யூதர்களுக்காகத் திருச்சபை என்ன செய்ய வேண்டும் என்று எழுதிய லுத்தரன் போதகர் இவர். அந்தச் சுவரும் இந்த மேஜையும் ஒரே பரம்பரையின் சொத்து. எங்கள் வாலிபர் சங்கத்துப் பையன் ஒருவன், "அப்போ மற்ற ஐயர்மார் என்ன செய்தார்கள்?" என்று கேட்டான். அங்கே இருந்த தன்னார்வலர், வயதானவர், மழுப்பாமல் பதில் சொன்னார். நாஜிகளோடு போன போதகர்கள், வாயை மூடிக்கொண்டவர்கள், சிறைக்குப் போனவர்கள் என்று மூன்று வகையையும் சொல்லி, முதல் இரண்டும்தான் அதிகம் என்றார். தன் தகப்பனார் இரண்டாவது வகை என்றும் சொன்னார்.

போகிறவர்களுக்கு: அது அருங்காட்சியகம் மாதிரி எப்போதும் திறந்திருக்கும் இடம் இல்லை. முன்கூட்டியே எழுதிக் கேட்டு நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். பெர்லினிலிருந்து விட்டன்பர்க் வேக ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள்தான், ஆகவே முதலில் விட்டன்பர்க் பார்த்துவிட்டு இந்த வீட்டுக்கு வருகிற மாதிரி வழியை அமைத்தால் நல்லது.