டைகர் டாங்கியின் மூக்கு படுத்துவிட்டது, இடது ட்ராக் கழல்கிறது: ஸ்பிரிங் மாற்ற வேண்டுமா?

டிக்கோயா (கேள்வி)

வணக்கம். என்னிடம் 1:16 அளவு டைகர் I (இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி ஓட்டியது) ரிமோட் டாங்கி இருக்கிறது. மாமா வெளிநாட்டில் இருந்து வந்தபோது கொண்டுவந்து தந்தது. உடம்பு பிளாஸ்டிக், கியர்பாக்ஸ் இரும்பு. ஒரு பக்கத்துக்கு, சக்கரங்களைத் தாங்கும் எட்டுக் கைகள். ஒவ்வொரு கையும் திரும்பும் இடத்தில் ஒரு முறுக்கு ஸ்பிரிங், துணிக் கிளிப்பில் இருக்குமே, அந்த மாதிரி.

சக்கரங்களைச் சுற்றி ஓடும் பட்டியான பிளாஸ்டிக் ட்ராக்கின் பல் தேய்ந்துவிட்டதால் போன மாதம் மெட்டல் ட்ராக் மாட்டினேன். அன்றிலிருந்து மூக்கு கீழே படுத்துவிட்டது. லயத்துக்குப் பின்னால், கவ்வாத்து வெட்டிய தேயிலை மலையில்தான் ஓட்டுவேன். தண்ணீர் ஓடும் கான் தாண்டும்போது முன் அடிப்பாகம் கல்லில் டக்கென்று இடிக்கிறது. சரிவில் குறுக்காகப் போய்த் திரும்பினால் இடது ட்ராக் கழன்று விழுகிறது, ஒரே நாளில் ஆறேழு தடவை.

ட்ராக்கின் பாரம்தான் காரணம் என்று நினைத்து, இரு பக்கமும் முன்னால் உள்ள இரண்டு ஸ்பிரிங்குகளில் ஒரு சுற்றை வெட்டி, காலை வளைத்து மாட்டினேன். கழலக்கூடாது என்று ட்ராக்கையும் நன்றாக இறுக்கினேன். இப்போது முன்னைவிட மோசம். கல்லில் ஏறினால் துள்ளுகிறது, மூக்கும் எழும்பவில்லை. எல்லா ஸ்பிரிங்கையும் தடித்த கம்பியில் மாற்ற வேண்டுமா? இதை விட்டால் எனக்கு வேறு டாங்கி கிடையாது. அதனால் மேலே கை வைக்காமல் நிறுத்தியிருக்கிறேன்.

கம்பளை

என் பான்தர் டாங்கியிலும் மூக்கு இப்படித்தான் படுத்தது. முன் கைகளுக்கு மேலே ரப்பர் துண்டு வைத்து ஒட்டிவிட்டேன். அடி தட்டுவது நின்றுவிட்டது. ஐந்து நிமிட வேலை.

பண்டாரவளை

தம்பி, ரப்பர் வைக்க வேண்டாம். கம்பளைத் தம்பி ஓட்டுவது சிமெந்து முற்றத்தில் என்றால் அது போதும். மலையில் முன் கை மடங்காவிட்டால் கல்லில் ஏறும்போது முழு மூக்கும் தூக்கிக்கொள்ளும், அதற்குப் பின்னால் உள்ள சக்கரங்கள் ட்ராக்கை விட்டு எழும்பும். ட்ராக் கழல அதுவே போதும்.

முதலில் ட்ராக்கின் பாரம். அந்தப் பாரத்தை ஸ்பிரிங் சுமப்பதே இல்லை என்று சொல்லலாம். கீழ்ப்பக்கம் தரையில் கிடக்கிறது. டைகருக்கு மேலே தனி ரோலர் கிடையாது, அதனால் மேல்பக்கம் சக்கரங்களின் தலையில் படுத்திருக்கிறது. ட்ராக்கை இழுக்கும் பல்சக்கரத்திலும் கடைசியில் உள்ள பின் சக்கரத்திலும் தொங்கும் கொஞ்சம்தான் உடம்பில் ஏறும். மெட்டல் ட்ராக் ஒரு கிலோவுக்கு மேல் இருந்தாலும் மூக்கு படுப்பதற்கு அது காரணம் இல்லை.

எனக்குச் சந்தேகம் நீங்கள் இறுக்கியதில்தான். ட்ராக்கை இறுக்கினால் அது குறுகிய பாதையைத் தேடும். பல்சக்கரமும் பின் சக்கரமும் உடம்போடு பிடித்தவை, நகராது. கைகள்தான் நகரும். அதனால் எல்லாக் கைகளும் மேலே இழுபடும், உடம்பு கீழே இறங்கும். பிளாஸ்டிக் ட்ராக் கொஞ்சம் நீண்டு கொடுக்கும், மெட்டல் கொடுக்காது.

ஒரு சோதனை செய்யுங்கள். ட்ராக் இருக்கும்போது ஒரு தடவை, கழற்றிவிட்டு ஒரு தடவை, முன்னும் பின்னும் அளவு எடுங்கள். தரையில் இருந்து அளக்க வேண்டாம், ட்ராக்கின் தடிப்பு கணக்கைக் கெடுக்கும். உடம்பின் அடியில் இருந்து சக்கரத்தின் அடிவரை அளக்க வேண்டும். மொத்தப் பாரத்தையும் நிறுத்துச் சொல்லுங்கள்.

சுற்று வெட்டியது பற்றியும் சொல்லிவிடுகிறேன், பலர் இதே தவறைச் செய்கிறார்கள். சுற்று குறைந்தால் ஸ்பிரிங் விறைக்கும். நாலு சுற்றில் ஒன்று போனால் மூன்றில் ஒரு பங்கு விறைப்பு கூடுகிறது. அதோடு ஒவ்வொரு சுற்றும் முன்னைவிட அதிகம் வளைய வேண்டியிருப்பதால் கம்பி சீக்கிரம் சோர்ந்து, வளைந்த நிலையிலேயே நின்றுவிடும். உங்களுக்குத் துள்ளலும் இருக்கிறது, உயரமும் இல்லை என்றால் இதுதான் நடந்திருக்கிறது.

டிக்கோயா

அண்ணா, அளந்துவிட்டேன். ட்ராக்கோடு முன்னால் 18 மில்லிமீட்டர், பின்னால் 25. கழற்றினால் முன்னால் 24, பின்னால் 28. நீங்கள் சொன்னது சரி, ட்ராக்கைக் கழற்றியதும் கண்ணுக்குத் தெரிய எழும்பியது! மரக்கறிக் கடைத் தராசில் மொத்தம் 4.6 கிலோ, ட்ராக் இரண்டும் 1.2, சக்கரங்கள் எல்லாம் சேர்ந்து 200 கிராம்.

பண்டாரவளை

நல்லது. முன்னால் 6 மில்லிமீட்டர் இறக்கம் வெறும் இறுக்கத்தால் வந்தது. ஒரு கண்ணியைக் கூட்டியோ பின் சக்கரத்தை முன்னே தள்ளியோ தளர்த்துங்கள். மேல்பக்க ட்ராக் நடுச் சக்கரங்களின் தலையைத் தொட்டுக் கிடக்க வேண்டும். உண்மையான டைகரிலும் அப்படித்தான்.

மிச்சம் 4 மில்லிமீட்டர் முன் சரிவு, அது பாரம். டைகருக்குப் பல்சக்கரம் முன்னால், உங்கள் கியர்பாக்ஸும் அங்கேதான். பெட்டரியைப் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள், காசு செலவில்லாத வேலை.

இனி கம்பி. ட்ராக்கையும் சக்கரங்களையும் கழித்தால் ஸ்பிரிங்குகள் சுமப்பது 3.2 கிலோ, கைகள் 16, ஆகவே ஒரு கைக்கு 200 கிராம். டாங்கி சும்மா நிற்கும்போது கை தன் மொத்த ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு மடங்கியிருக்க வேண்டும். அப்போதுதான் பள்ளம் வந்தால் சக்கரம் கீழே இறங்கித் தரையைத் தொடும். முழுதும் எழும்பி நிற்கிற டாங்கி பார்க்க மிடுக்காக இருக்கும், கானில் ட்ராக்கைக் கழற்றிவிடும்.

கம்பித் தடிப்பில் அவசரப்பட வேண்டாம். விறைப்பு தடிப்பின் நாலாம் அடுக்காக ஏறும். 0.8 மில்லிமீட்டரில் இருந்து 0.9 போனால் 60 வீதம் கூடுகிறது. 1.0 போட்டால் இரண்டரை மடங்கு, கை அசையவே அசையாது. உண்மையான டைகர் 57 தொன். அதை நீளம், அகலம், உயரம் மூன்றிலும் 1:16 க்குச் சுருக்கினால் கிட்டத்தட்ட 14 கிலோ வர வேண்டும், நம்முடையது 4.6 தான். அதனால் இந்த அளவில் ஸ்பிரிங் மெலிதாக இருப்பதே நல்லது. வெட்டிய நாலுக்கும் பதிலாக 0.9 போடுங்கள், மற்ற பன்னிரண்டையும் தொட வேண்டாம்.

சுற்றும்போது இடதுக்கும் வலதுக்கும் எதிர் எதிர்த் திசை. பாரம் வந்தால் சுற்று இறுக வேண்டும், விரியக்கூடாது. இறுகும்போது உள்வட்டம் சுருங்கும், அதற்கு அச்சில் இடைவெளி விடுங்கள். கம்பியைச் சிவக்கக் காய்ச்சினால் உறுதி போய்விடும். சுற்றி முடித்தபின் கேக் போடும் அவனில் 230 பாகையில் அரை மணி நேரம் வைத்தால் போதும்.

இடது பக்கம் மட்டும் கழல்வது வேறு விஷயம். சக்கரத்தைப் பிடித்து உள்ளும் வெளியும் ஆட்டிப் பாருங்கள். கை திரும்பும் துளை தேய்ந்திருந்தால் சக்கரம் சாய்ந்து, ட்ராக்கின் நடுப்பல்லில் ஏறிவிடும்.

தலவாக்கலை

அண்ணா, ஒன்று சேர்க்கிறேன். டைகரின் சக்கரங்கள் ஒன்றோடு ஒன்று கோர்த்து நிற்பதால் கவ்வாத்துக் குச்சியும் சேறும் நடுவில் போய் அடைத்துக்கொள்ளும். இரண்டாம் உலகப் போரின்போது ரஷ்யாவில் அந்தச் சேறு இரவில் உறைந்து சக்கரமே சுற்றாமல் நின்றது. நமக்கு உறையாது, ஆனால் ஜூன் மழையில் செம்மண் சேறு காய்ந்தால் கை மடங்காது. என் டாங்கியில் மூன்று கைகள் அப்படி இறுகிக் கிடந்ததை ஸ்பிரிங் பழுது என்று நினைத்து வீணாக மாற்றினேன். ஓட்டி முடித்ததும் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள்.

துள்ளலுக்கு: உண்மையான டைகரில் முதல் கைக்கும் கடைசிக் கைக்கும் மட்டும் அதிர்வு தாங்கி இருந்தது. அதைப் பார்த்து நானும் அந்த நாலு கைகளின் அச்சில் மட்டும் கெட்டியான சிலிக்கன் கிரீஸ் வைத்தேன், துள்ளல் அடங்கியது. த்ரீவீலருக்குப் போடும் கிரீஸ் வேண்டாம், சில பிளாஸ்டிக்கை அது விரிசல் விட வைக்கும்.

டிக்கோயா

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். கம்பிக்காகக் காத்திருந்தேன். அத்தான் கொழும்புக்குப் போனபோது பஞ்சிகாவத்தையில் 0.9 கம்பி வாங்கிவந்தார். முதல் இரண்டு ஸ்பிரிங்கும் ஒரே திசையில் சுற்றிவிட்டேன், அண்ணா சொன்னது அப்புறம்தான் உறைத்தது. ஒன்றை வீசிவிட்டு எதிர்த் திசையில் திரும்பச் சுற்றினேன்.

இடது பக்கம் இரண்டாம் கையிலும் எட்டாம் கையிலும் ஆட்டம் இருந்தது. உடைந்த ரேடியோவின் ஆன்டெனாவை எடுத்தேன். அதன் அடுக்குகள் பித்தளைக் குழாய்தானே, அதில் அச்சுக்குச் சரியாக வரும் அடுக்கை வெட்டி இரண்டாம் கையின் துளையில் ஒட்டினேன். சக்கரம் இப்போது நேராக நிற்கிறது.

ட்ராக்கில் ஒரு கண்ணி கூட்டினேன், பெட்டரி பின்னால். முன்னால் 26, பின்னால் 27. நேற்று மழை விட்ட நேரத்தில் அதே மலையில் இரண்டு பெட்டரி தீரும்வரை ஓட்டினேன். கானில் இறங்கும்போது முன் சக்கரங்கள் ஒவ்வொன்றாக மடங்கி ஏறுவதைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன், அவ்வளவு அழகு. ட்ராக் ஒரே ஒரு தடவைதான் கழன்றது, அதுவும் எட்டாம் கைப் பக்கம். ஆன்டெனாவில் மிச்சம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை அதையும் மாற்றிவிடுகிறேன்.