புதுப் பட்டை போட்டும் சாய்ந்தே நின்ற பிக்கப்: அடியில் பார்த்த துருக் கதைகள்

மண்சாலை:
பழைய பிக்கப் வைத்திருப்பவர்கள் அடியில் படுத்துப் பார்த்ததை எழுதுங்கள். என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இருபது வயது தாண்டிய வண்டி. பின்பக்கம் இடது மூலை தாழ்ந்தே நிற்கும். பட்டை (அடுக்கடுக்கான இரும்பு ஸ்பிரிங்) தளர்ந்துவிட்டது என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். மெக்கானிக்கும் இரண்டு பக்கமும் புதுப் பட்டை போட்டுக் கொடுத்தார். சாய்வு குறைந்ததே தவிர, போகவில்லை. கொஞ்சம் சுமை ஏற்றினால் மறுபடி பழைய கதைதான்.

அப்புறம் கேபினுக்கும் பின்தொட்டிக்கும் நடுவில் இருக்கும் சந்து இடைவெளியைக் கவனித்தேன். வலது பக்கம் மேலிருந்து கீழ் வரை ஒரே அகலம். இடது பக்கம் மேலே குறுகி, கீழே விரிந்திருந்தது. பட்டை மட்டும் தளர்ந்திருந்தால் கேபினும் தொட்டியும் சேர்ந்துதான் சாயும், சந்து மாறாது. கேபின் அடி ரப்பர் நசுங்கினாலும் மாறும் என்பதால் முதலில் அதைப் பார்த்தேன், நன்றாகவே இருந்தது. மிச்சம் இருப்பது எல்லாவற்றையும் தாங்கும் அடிச்சட்டம், அதாவது சேசிஸ்தான்.

ஸ்டாண்டு போட்டு அடியில் நுழைந்து, சின்னச் சுத்தியால் முன்னாலிருந்து தட்டிக்கொண்டே வந்தேன். ணங், ணங் என்று வந்த சத்தம், பட்டையின் முன்கண் (முன்நுனியில் சுருட்டிய வளையம்) மாட்டியிருக்கும் பிராக்கெட்டுக்கு மேலே வந்ததும் 'தொப்' என்று அடங்கியது. அங்கே பெயின்ட்கூட உரியவில்லை. ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன், கைப்பிடி வரை உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்ததும் துருச் செதிலும் ஈரமண்ணும் முகத்தில் கொட்டின. கண்ணாடி போட்டுக்கொண்டு போங்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

பெட்டி வடிவ சேசிஸில் இதுதான் ஆபத்து. சக்கரம் வாரி அடிக்கும் சேறு ஓட்டைகள் வழியாக உள்ளே போகிறது. தண்ணீர் வடிய வேண்டிய ஓட்டையை அதே சேறு அடைத்துவிடுகிறது. ஈரம் உள்ளேயே தங்கி அரிக்கிறது. சாலையில் உப்பு போடும் இடமோ கடலோரமோ என்றால் இன்னும் வேகம். வெளியே தெரியும்போது உள்ளே பாதித் தகடு போயிருக்கும்.

டீசல்புகை:
பெரிய கம்பெனிகள் செய்த வண்டிகளிலேயே இது பெரிய விவகாரமாகியிருக்கிறது. அமெரிக்காவில் 1995 முதல் 2000 வரை வந்த டகோமா பிக்கப்களுக்கு, சேசிஸ் துருவுக்கென்றே 2008-ல் டொயோட்டா தனி உத்தரவாதம் கொடுத்தது. மோசமான வண்டிகளைத் திரும்பவும் வாங்கிக்கொண்டது. 2009-ல் 2000–2003 டன்ட்ரா பிக்கப்களைத் திரும்ப அழைத்ததற்குக் காரணம், சேசிஸின் பின் கிராஸ் மெம்பர் (குறுக்குச் சட்டம்) துருப்பிடித்து ஸ்டெப்னி சாலையில் விழக்கூடும் என்பது. பின் பிரேக் பைப்பும் அதே இடத்தில்தான் ஓடுகிறது. 2016-ல் டகோமா, டன்ட்ரா, செக்கோயா மூன்றுக்கும் சேர்த்து வந்த வழக்கில் சமரசம். ஏறக்குறைய 15 லட்சம் வண்டிகள், 340 கோடி டாலர் வரை மதிப்பு.

என் வண்டி வேறு. ஆனால் எனக்கும் முதலில் போனது பிரேக் பைப்தான். சேசிஸோடு கிளிப் போட்டுப் பிடித்திருக்கும் இடத்தில் ஈரம் நின்று, கிளிப்புக்கு அடியிலேயே ஓட்டை. பெடல் தரை வரை போனது. மெதுவாகப் போய்க்கொண்டிருந்ததால் பிழைத்தேன். துரு பார்க்கப் போகிறவர்கள் கிளிப்பைக் கழற்றிப் பாருங்கள்.

ஸ்பேனர்14:
பட்டை மாற்றும் வேலை பற்றி ஒரு வார்த்தை. பட்டைக் கண்ணில் இருக்கும் போல்ட், புஷ்ஷின் (ரப்பர் உறையின்) உள்குழாயோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். நட்டு கழன்று வந்துவிடும், போல்ட் மட்டும் அசையாது. தலையைத் திருப்பினால் ரப்பர் முறுக்கி மறுபடி பழைய இடத்துக்கே திரும்பும். எண்ணெய் ஊற்றி ராத்திரி முழுக்க விட்டாலும் பல சமயம் பிரயோஜனம் இல்லை. சூடு காட்டினால் ரப்பர் எரிந்து புகை மண்டும். பக்கத்திலேயே பிரேக் பைப், டீசல் பைப். நான் பிராக்கெட்டுக்கும் கண்ணுக்கும் நடுவில் ரம்பத்தை விட்டு இரண்டு பக்கமும் அறுத்துவிடுவேன். போல்ட்டும் புஷ்ஷும் எப்படியும் புதிதுதானே.

மாட்டும்போது அந்த போல்ட்டின் தண்டில் கிரீஸ் தடவுங்கள். சக்கரத்தைத் தரையில் இறக்கி, வண்டியின் எடை ஏறிய பிறகுதான் கடைசி முறுக்கு. அந்தரத்தில் முறுக்கினால் ரப்பர் எப்போதும் திருகியே நின்று சீக்கிரம் கிழியும். பட்டையை அச்சோடு இறுக்கும் யூ-போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள். ஒருமுறை இழுபட்டது இழுபட்டதுதான்.

பட்டைகளுக்கு நடுவில் துரு ஊதுவதையும் பாருங்கள். இரும்பைவிட அதன் துருவுக்குப் பல மடங்கு இடம் வேண்டும்; அடுக்கையே நெம்பிப் பிரித்துவிடும்.

பின்தொட்டி:
மண்சாலை அண்ணா, அந்த இடத்தில் தகடு வைத்து வெல்டிங் அடித்தால் போதாதா? நான் பார்த்து வைத்திருக்கும் வண்டியில் அடி முழுக்கப் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருக்கிறார்கள். பார்க்கச் சுத்தமாக இருக்கிறது.

மண்சாலை:
தம்பி, வெல்டிங் பிடிக்க நல்ல இரும்பு வேண்டும். அரித்த தகட்டில் வைத்தால் பொத்துக்கொண்டு போகும், இல்லையென்றால் ஒட்டின இடத்துக்குப் பக்கத்தில் விரிசல் விடும். நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்துவிட்டு, ஓரம் சாய்வாக வெட்டிய தகடு வைத்துச் செய்பவர்கள் இருக்கிறார்கள். நிமிர்ந்த கோடாக வெல்டிங் ஓடினால் அந்தக் கோட்டிலேயே ஒடியும். என் வண்டியில் பிராக்கெட் இருக்கும் இடமே போய்விட்டதால் ஒட்டு வேலைக்கு நான் சம்மதிக்கவில்லை. வேறு வண்டியின் நல்ல சேசிஸ் கிடைத்தது, உள்ளே மெழுகு எண்ணெய் அடித்து மாற்றினோம். சாய்வு போயிற்று, அதே பட்டைதான் இன்றும் ஓடுகிறது.

புதுக் கறுப்புப் பூச்சைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். துருவின் மேலே தார்போல அப்பிவிட்டால் ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு இன்னும் அரிக்கும், சுத்திச் சத்தமும் மழுங்கும். பட்டையின் முன் பிராக்கெட், பின் ஷாக்கிள் (பட்டையின் பின்கண்ணைப் பிடித்து ஆடும் இணைப்பு) மாட்டும் இடம், டேங்குக்கு மேல்பக்கம், இந்த மூன்றிலும் பூச்சைச் சுரண்டிப் பார்க்க அனுமதி கேள். விற்பவர் வேண்டாம் என்றால் அந்த வண்டியை விட்டுவிடு.