கில் அடித்தும் நிற்காத டீமன்: சிக்னல் எங்கே போய் உட்காருகிறது?

மீட்டர்மணி:
வணக்கம். சி-யில் எழுதிய சின்ன டீமன் (பின்னணியில் ஓடும் புரோகிராம்) ஒன்றை லினக்ஸில் ஓட்டுகிறேன். 6 மின் மீட்டர்கள், மீட்டருக்கு ஒரு த்ரெட் (ஒரே பிராசஸுக்குள் தனியாக ஓடும் வேலை). ரீடிங் வாங்கி ஃபைலில் எழுதும், அவ்வளவுதான். காலையில் ஸ்டார்ட் செய்த கையோடு ஸ்டாப் கொடுத்தால் ஒழுங்காக நிற்கிறது. சாயங்காலம் கொடுத்தால் சிஸ்டம்டி (சர்வீஸ்களை ஸ்டார்ட், ஸ்டாப் செய்யும் மேலாளர்) 90 விநாடி காத்துக் கிடந்து, கடைசியில் சிக்கில் (கட்டாயமாகக் கொல்லும் சிக்னல்) அனுப்பித்தான் கொல்கிறது. கடைசி ரீடிங் பாதி வரியில் அறுந்து போகிறது. கையால் பத்துத் தடவை கில் (நிற்கச் சொல்லும் சிக்டெர்ம் சிக்னலை அனுப்பும் கமாண்ட்) அடித்தேன். பிராசஸ்களைப் பட்டியலிடும் எச்டாப்பில் தெரிந்த த்ரெட் ஐடிகளுக்கும் தனித்தனியாக அடித்தேன். அசையவில்லை. சிக்னல் வந்தால் ஓடும் ஹேண்ட்லர் எதுவும் கிடையாது. மெயினில் சிக்டெர்ம், சிக்ஹப் (ரீலோடுக்கு வருவது) இரண்டையும் பிளாக் செய்துவிட்டு (வந்தாலும் காத்திருக்கும்படி), தனி த்ரெட் ஒன்றை சிக்வெயிட்டில் (சிக்னல் வரும்வரை தூங்கி, வந்ததை வாங்கும் ஃபங்ஷன்) உட்கார வைத்திருக்கிறேன். கெர்னல் பக்காக இருக்குமோ?

பழையகன்சோல்:
கெர்னலைக் கடைசியில் சந்தேகப்படலாம். அடுத்த தடவை மாட்டும்போது, புரோக் (கெர்னல் பிராசஸ் விவரங்களைக் காட்டும் டைரக்டரி) அடியில் அந்தப் பிராசஸின் ஸ்டேட்டஸ் ஃபைலைத் திறந்து சிக்னல் வரிகளைப் போடுங்கள்.

மீட்டர்மணி:
இன்றைக்கே மாட்டியது.
சிக்பெண்டிங்: 0000000000000000
ஷேர்டுபெண்டிங்: 0000000000004000
சிக்பிளாக்டு: 0000000000004001

பழையகன்சோல்:
சரி, ஆள் அகப்பட்டுவிட்டார். ஹெக்ஸில் 4000 என்றால் 15வது பிட், அதாவது சிக்டெர்ம். நீங்கள் அனுப்பியது வந்து சேர்ந்துவிட்டது, வாங்கத்தான் ஆள் இல்லை.

கெர்னலுக்கு த்ரெட்டும் ஒரு டாஸ்க்தான். ஒவ்வொரு டாஸ்குக்கும் சொந்தமாக ஒரு பெண்டிங் பெட்டி (வந்து காத்திருக்கும் சிக்னல்களுக்கு), அது போக முழுப் பிராசஸுக்கும் பொதுவாக ஒன்று, அதுதான் ஷேர்டுபெண்டிங். கில் போடுவது பொதுப் பெட்டியில். த்ரெட் ஐடி கொடுத்து அடித்தாலும் அதே பெட்டிதான். ஒரு த்ரெட்டின் சொந்தப் பெட்டியில் போட டிஜிகில் என்ற சிஸ்டம் கால் வேண்டும். போட்டபின் கம்ப்ளீட்_சிக்னல் என்ற ஃபங்ஷன், முதலில் ஐடிக்குரிய த்ரெட்டையும் அப்புறம் மற்றவற்றையும் பார்த்து, எடுக்கத் தயாரான ஒன்றை எழுப்பும். எல்லாரும் பிளாக் செய்திருந்தால் யாரையும் எழுப்பாமல் திரும்பிவிடும். பத்துத் தடவை அடித்ததும் வீண்: சாதாரண சிக்னல் ஒரு பெட்டியில் ஒன்றுதான் நிற்கும். ரியல்டைம் சிக்னல்தான் வரிசை கட்டும்.

மெயினில் பிளாக் செய்தபின் பிறந்த த்ரெட்டுகள் எல்லாவற்றுக்கும் அதே மாஸ்க் (பிளாக் செய்த சிக்னல்களின் பட்டியல்). சிக்வெயிட்டில் தூங்குகிற த்ரெட்டுக்கு மட்டும் கெர்னல் அந்த நேரத்துக்கு மாஸ்க்கைத் தளர்த்தும். அப்படியானால் அந்தத் த்ரெட் உயிரோடுதான் இருக்கிறதா? புரோக் அடியில் டாஸ்க் டைரக்டரியை எண்ணிப் பாருங்கள். மெயினோடு 8 இருக்க வேண்டும்.

மீட்டர்மணி:
7தான் இருக்கிறது! கோடைத் திறந்ததுமே தலையில் அடித்துக்கொண்டேன். மத்தியானம் கான்ஃபிக் மாற்றிவிட்டு ரீலோட் கொடுப்பது வழக்கம். சிக்ஹப் வந்ததும் அந்தத் த்ரெட் கான்ஃபிக்கைப் படிக்கிறது, உடனே ரிட்டர்ன் ஆகிவிடுகிறது. சிக்வெயிட்டைச் சுற்றி லூப்பே போடவில்லை. நிச்சயப்படுத்திக்கொள்ள இன்னொரு சிக்ஹப் அனுப்பினேன், ஷேர்டுபெண்டிங் 4001 ஆனது.

சிக்கிலுக்கு மட்டும் ஏன் இந்தத் தொல்லை இல்லை?

பழையகன்சோல்:
அதை யாரும் பிளாக் செய்ய முடியாது. அது வந்தால் கெர்னல் எல்லா த்ரெட்டின் சொந்தப் பெட்டியிலும் ஆளுக்கொன்று போட்டு எழுப்பிவிடும். உங்கள் கோடுக்கு ஃபைலை மூட அவகாசமே கிடைக்காது, அதனால்தான் அந்தப் பாதி வரி.

ஈபோல்பித்து:
சிக்னல்எஃப்டி வைத்தால் தனித் த்ரெட்டே வேண்டாமே. சிக்னலை ஃபைல் மாதிரி ரீட் செய்து, மெயின் ஈபோல் (பல ஃபைல்களில் எது தயார் என்று ஒரே இடத்தில் காத்திருப்பது) லூப்பிலேயே முடித்துவிடலாம். அதற்கும் த்ரெட் பிறக்கும் முன்பே பிளாக் செய்தாக வேண்டும், அதை மட்டும் மாற்றாதீர்கள்.

மீட்டர்மணி:
மெயினில் ஈபோல் கிடையாது, மற்ற த்ரெட்டுகள் முடியட்டும் என்று ஜாயினில் உட்கார்ந்திருக்கிறது. இப்போதைக்கு வொயில் லூப் போட்டுவிட்டேன். மூன்று ரீலோடுக்கு அப்புறம் எண்ணினேன், 8. ஸ்டாப் கொடுத்ததும் நின்றது, கடைசி வரி முழுசாக இருக்கிறது.